சுரண்டிய இடம்

மார்ச் 3, செவ்வாய்

வண்டி வந்து ஒன்பது நாள் ஆகிறது. இன்றும் ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டு, அடுத்த நோயாளியை உட்காரச் சொல்லிவிட்டு, கீழே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஷெட்டில்தான் இருக்கிறது. எங்கே போய்விடும்?

பச்சை நிறம், இரண்டே இருக்கை, நீளமான மூக்கு. அறுபது வயதைத் தாண்டிய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். விடுதியில் என் கட்டிலுக்கு மேலே ஐந்து வருடம் ஒட்டியிருந்தது இதே வண்டியின் படம். பக்கத்துக் கட்டில்காரி ஒரு நடிகரை ஒட்டியிருந்தாள். அவளுக்கு அவர் கிடைக்கவில்லை, எனக்கு இது கிடைத்துவிட்டது.

தேடிப் பிடித்துக் கொடுத்தவன் தம்பி. பழைய வண்டி வாங்கி விற்பதுதான் அவன் பிழைப்பு. "ஒரு போல்ட்டுகூட மாத்தலக்கா. ஃபேக்டரியை விட்டு எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கு" என்றான்.

அவன் சொன்னதால்தான் நம்ப முடியவில்லை. இருபத்திரண்டு வயதில் நூறு வருடக் கடிகாரம் என்று ஒன்றை என் தலையில் கட்டியவன். பின்பக்கத்தைத் திறந்தால் உள்ளே பேட்டரி.

மார்ச் 5, வியாழன்

வீட்டுக்காரர் சாப்பிடும்போது சொன்னது: "வண்டியப் பத்திப் பேசினா உன் முகம் மலருது. உன் தம்பியப் பத்திப் பேசினா சுருங்குது. அந்த வண்டியக் கொடுத்ததே அவன்தானே?"

கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கொண்டவள் பேசி ஜெயிக்க முடியுமா?

மார்ச் 8, ஞாயிறு

பழைய கார் கிளப்புக்குப் போனேன். ஆளாளுக்கு வண்டியைச் சுற்றி வந்து ஆஹா ஓஹோ என்றார்கள். செயலாளர் மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். "எஞ்சின் நம்பர் ஒத்து வருதா டாக்டர்? அது வேற எஞ்சின்னா இது பாதி வண்டிதான்."

எந்த வண்டியில் எந்த எஞ்சின் போனது, என்ன நிறம், எந்தத் தேதி என்று தொழிற்சாலைப் பேரேட்டில் எழுதி வைத்திருப்பார்களாம். எழுதிக் கேட்டால் நகல் அனுப்புவார்களாம். நகல் வந்ததும் கிளப்பின் பரிசோதகர் வண்டியைப் பார்த்து, எல்லாம் ஒத்திருந்தால் அசல் என்று சான்றிதழ் கொடுப்பாராம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மெயில் எழுதிப் போட்டேன்.

மார்ச் 12, வியாழன்

பதில் இல்லை. இன்று ஒரு நோயாளியின் இடது கடைவாய்ப் பல்லுக்கு மருந்து வைக்க வேண்டியவள் வலது பக்கம் கையைக் கொண்டுபோய்விட்டேன். நர்ஸ் இருமினாள். நல்ல வேளை.

மார்ச் 20, வெள்ளி

நகல் வந்துவிட்டது. பச்சை நிறம் சரி. சிவப்பு இருக்கை சரி. எஞ்சின் எண்ணும் இருக்கிறது. ஆனால் வண்டியில் அந்த எண் தெரிய வேண்டுமே! எஞ்சினின் பக்கவாட்டில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தட்டையான இடம். அதன் மேல் எண்ணெய்ப் பிசுக்கு, பெயின்ட், அறுபது வருட அழுக்கு. முதல் இரண்டு எண்தான் மங்கலாகத் தெரிகிறது.

தம்பிக்குப் போன் செய்தேன்.

"நான் பார்த்துட்டுத்தானே வாங்கினேன். சாய்வா லைட் அடிச்சுப் பாரு, தெரியும். ஆனா அதைத் தொடாதேக்கா. அப்படியே விட்டுடு."

"ஏன்டா தொடக் கூடாது?"

"தொடாதேன்னா தொடாதே. ஆள் வந்திருக்காங்க, அப்புறம் பேசுறேன்." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

மடியில் கனமில்லாதவன் ஏன் தொடாதே என்கிறான்? அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. சிரித்தால் முதலில் தெரிவது மேல் வரிசையில் இரண்டாவது பல். சைக்கிளிலிருந்து விழுந்து உடைத்துக்கொண்டதற்கு, கல்லூரி கடைசி வருடத்தில் நான் செய்து வைத்த பொய்ப்பல். இன்றுவரை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை.

மார்ச் 21, சனி

கண்டுபிடித்துவிட்டேன்!

மத்தியானம் கிளினிக்கை மூடியதும், பல்லில் படிந்த கறையைச் சுரண்டும் ஸ்கேலர் ஒன்றை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டேன். முப்பது வருடமாகச் செய்கிற வேலைதானே, என்ன பெரிய வித்தை? ஓரத்திலிருந்து ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக, அழுக்கு, பெயின்ட், துரு எல்லாவற்றையும் எடுத்தேன். அடியில் இரும்பு பளபளவென்று வந்தது. கடைசியில் பாலிஷும் போட்டேன். கை தானாகப் போட்டது.

ஏழு எண்களும் பேரேட்டில் உள்ளபடியே. ஒன்றுகூடப் பிசகவில்லை.

மன்னிச்சிடுடா தம்பி. உன்னைப் போய் என்னவெல்லாம் நினைச்சேன்.

மார்ச் 22, ஞாயிறு

வீட்டுக்காரரோடு வண்டியில் ஏரிவரை போய் வந்தேன். அவருடைய தொப்பி பறந்துவிட்டது. சிரித்து முடியவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

பரிசோதகர் வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். செயலாளரும் கூடவே. கதவுக் கீல், சேசிஸ் தகடு, அதன் ஆணிகள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தவர், எஞ்சின் எண்ணுக்கு வந்ததும் நின்றுவிட்டார். சின்ன டார்ச், பூதக்கண்ணாடி. வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"நம்பர் சரியா இருக்கு. இடம் சரியில்ல."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். தொழிற்சாலையில் அந்த இடத்தை இழைத்த மெஷின், மயிரிழை போலக் கோடுகளை விட்டிருக்கும். அந்தக் கோட்டின் மேல்தான் எண்ணைக் குத்துவார்கள். வேறு எஞ்சினைப் போட்டு ஏமாற்றுகிறவர்கள் பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாகக் குத்துவார்கள், அப்போது கோடு போய்விடும். கோடு இருந்தால் அசல்.

"இதுல கோடே இல்லயே டாக்டர். யாரோ வழிச்சு பாலிஷ் போட்டிருக்காங்க. நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

செயலாளர் மீசைக்குள்ளேயே சிரித்தார். "யாரோ என்ன யாரோ? வித்தவர் கைவேலைதான். வாங்கும்போதே இப்படித்தானே இருந்துச்சு டாக்டர்?"

"ம்" என்றேன்.

மார்ச் 30, திங்கள்

ஏன் 'ம்'னு சொன்னே? வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு? 'நான்தான் சுரண்டினேன்'—ரெண்டே வார்த்தை. ரெண்டு ஆம்பளைங்க முன்னாடி அசடு வழியக் கூடாதுன்னு தம்பியத் தூக்கிக் கொடுத்துட்டியே.

ஏப்ரல் 2, வியாழன்

தம்பி பேசினான். செயலாளர் ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார். நம்பர் மாற்றுகிறவன் என்று பேச்சாகிவிட்டது. இரண்டு பேர் பேசி முடித்த வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"அக்கா, நான் அதுல கை வைக்கவே இல்ல. நீயாவது நம்புறியா?"

"நம்புறேன்டா" என்றேன். நம்பிக்கையாம் நம்பிக்கை. எனக்கா தெரியாது?

ஏப்ரல் 4, சனி

நர்ஸ் கருவிகளை எண்ணிவிட்டு வந்து, "ஒரு ஸ்கேலர் குறையுது டாக்டர். ரெண்டு வாரமாவே குறையுது. உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு இருந்தேன்" என்றாள். தான்தான் தொலைத்துவிட்டோமோ என்று இத்தனை நாளாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

அது வண்டியின் டூல் பெட்டியில் இருக்கிறது. அவளிடம் சொல்லிவிட்டேன். ஒருத்தியிடம் சொல்ல முடிந்தது.

ஏப்ரல் 5, ஞாயிறு

கிளப்பில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது எழுந்து நின்றேன். ஸ்கேலரை மேசைமேல் வைத்தேன். "எஞ்சின் நம்பரைச் சுரண்டினது இதுதான். சுரண்டினது நான்தான். என் தம்பி தொடாதேன்னு சொல்லியும் சுரண்டினேன். போன வாரம் கேட்டப்ப பொய் சொன்னேன்." யாரோ, "பாலிஷ் வேற போட்டீங்களா டாக்டர்?" என்று கேட்க, கூடமே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். செயலாளர் மட்டும் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பரிசோதகர் வாசல்வரை வந்தார். "நீங்க சொல்றத நான் நம்புறேன். ஆனா வாயால சொல்றத வச்சு சான்றிதழ் எழுத முடியாது. கோடு போனது போனதுதான்."

அங்கிருந்து நேராகத் தம்பியின் பட்டறைக்குப் போனேன். ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். கால்கள் மட்டும்தான் தெரிந்தன. கால்களைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பேனர் சத்தம் நின்றது.

"தொடாதேன்னு சொன்னேன்ல?"

"சொன்னே. நீ எதையோ மறைக்கிறேன்னு நினைச்சேன். அந்தக் கடிகாரம்..."

"அப்ப எனக்கு இருபத்திரண்டு வயசுக்கா. இப்ப நாற்பத்தெட்டு."

அவன் வெளியே வரவில்லை. ஸ்பேனர் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. கிளம்பி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

தம்பியிடமிருந்து போன் இல்லை. வண்டியை எடுக்கவும் மனம் வரவில்லை.

ஏப்ரல் 18, சனி

வேண்டாம் என்ற இரண்டு பேரில் ஒருவர் திரும்பி வந்துவிட்டாராம். வீட்டுக்காரர் மூலம் தெரிந்தது. தம்பி அவரோடு மட்டும் பேசுகிறான்.

ஏப்ரல் 22, புதன்

தம்பி சொல்லாமல் கொள்ளாமல் வந்தான். கிளினிக்கில் காத்திருந்த நால்வரோடு ஐந்தாவதாக, கையில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தான். நர்ஸ் கூப்பிட்டதும் உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்து, மேலே இருந்த விளக்கைப் பார்த்தான்.

"உனக்குச் சுரண்டியே ஆகணும்னா இங்க சுரண்டு" என்று வாயைத் திறந்தான்.

எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. மாஸ்க் இருந்ததால் பிழைத்தேன். அரைமணி நேரம் சுத்தம் செய்தேன்.

வாயைக் கொப்பளித்துவிட்டு, "எல்லாம் ஒரிஜினலான்னு பார்த்து எழுதிக் கொடு. உங்க கிளப்புல கேட்டா காட்டணும்ல" என்றான்.

மருந்துச் சீட்டை எடுத்து எழுதினேன்: மேல் வரிசை இரண்டாவது பல் மட்டும் பொய். செய்தவள் நான். மற்ற அனைத்தும் அசல்.

கையெழுத்துப் போட்டு, சீலும் வைத்துக் கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டிச் சாவியைக் கேட்டான். எங்கே போகிறாய் என்று கேட்காமல் கொடுத்தேன்.