சனிக்கிழமைக்குள் நான்கு டயர்

ஆகஸ்ட் 18, திங்கள்

சனிக்கிழமை டிஸ்சார்ஜ். சொன்னது வார்டு சிஸ்டர், காலை ரவுண்டுக்குப் பிறகு. மதியம் டாக்டரும் உறுதி செய்தார். மழை, விட்டு விட்டு.

சுந்தருக்கு முதுகுத் தையல் ஆறிவிட்டது. வலது பாதம்தான் அப்படியே. கீழே அழுத்த முடிகிறது, மேலே தூக்க முடியவில்லை. டாக்டர்: "நரம்பை நசுக்கிக்கொண்டிருந்ததை எடுத்தாகிவிட்டது. பலம் திரும்பலாம். திரும்பாமலும் போகலாம்." இனி கார் ஓட்ட முடியுமா என்று சுந்தர் கேட்கவில்லை. அவர் கேட்காததை நான் எப்படிக் கேட்பது? இத்தனை வருஷமாக மந்திரிகளைக் கேள்வி கேட்பதுதான் எனக்குப் பிழைப்பு.

ஆம்புலன்ஸ் வேண்டாமாம். டாக்ஸியும் வேண்டாமாம். "என் வண்டியிலதான் வீட்டுக்கு வருவேன். நீ ஓட்டு. எனக்கென்ன, பக்கத்துல உக்காந்து திட்டிக்கிட்டே வர்றேன்."

மாலை வீட்டுப் படியில் கீழ்வீட்டு ராமலிங்கம் சார் நிறுத்தினார். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், கோயம்புத்தூர்க்காரர். "அம்மணி, சார் வண்டியோட முன்சக்கரத்தைப் பாத்தீங்களா? எடதுபக்கம் வீங்கிக் கெடக்குதுங்க."

குடையோடு போய்ப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைப்பு. ஏதோ பள்ளத்தில் வாங்கிய அடி. எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்றார். மற்ற மூன்றும் வழுக்கை.

அதாவது, சனிக்கிழமைக்குள் நான்கு டயர். டயரைப் பற்றி எனக்குத் தெரிந்தது: கறுப்பு, உருண்டை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வெயில் இல்லை, ஆனாலும் புழுக்கம். அலுவலகத்துக்கு இரண்டு செய்தி. மீதி நேரம் முழுக்க டயர்.

இதுவரை புரிந்தவை:

– வண்டி வாங்கியபோது பதினாறு இன்ச் சக்கரம். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இன்னும் அதுதான். இது ஆவணம், நம்பலாம்.

– ஓய்வு பெற்ற கையோடு சுந்தர் பதினேழு இன்ச்சுக்கு மாற்றினார். பழையதைக் கடையிலேயே கொடுத்துவிட்டார். பதினேழில் சக்கரம் பெரிது, ரப்பர் மெல்லிசு. வளைவில் சாலையோடு ஒட்டிக்கொண்டு போகும். பள்ளத்தில் இறங்கினால் நேராக முதுகில் ஏறும்.

– பதினாறுக்குத் திரும்பினால் ரப்பர் உயரம் கூடும். குலுக்கல் குறையும்.

டாக்டர் போட்ட ஒரே நிபந்தனை: குலுங்காமல் கூட்டிப் போங்கள். மருத்துவமனையிலிருந்து மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக்கு வரும் வழியில் மேம்பாலம். ஒவ்வொரு இணைப்பிலும் தடக், தடக். அதற்கு முன்னால் மழையில் பெயர்ந்துபோன சாலை. இன்று ஆட்டோவில் வரும்போது என் முதுகாலேயே எண்ணிப் பார்க்க முயன்றேன். பாதியில் விட்டுவிட்டேன்.

ஆக, பதினாறு.

ஆனால் அந்தப் பதினேழு இன்ச் சக்கரங்களை ஞாயிறுதோறும் பழைய பல் பிரஷால் தேய்த்துத் துடைக்கிற மனிதர் அவர். கழற்றிவிட்டால், இனி நீங்கள் ஓட்டப்போவதில்லை என்று நானே முடிவு சொன்னதாக ஆகாதா? அவரிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

மகள், புனேயிலிருந்து: "அம்மா, ஒரு டயர்க்கு இவ்ளோ டென்ஷனா? டாடிகிட்ட நேரா, ஸீதா ஸீதா சொல்லிடுங்க." நீ சொல்லேன் என்றேன். "நான் ஏன்? நீங்கதானே ரிப்போர்ட்டர்."

மருத்துவமனை லிஃப்டில் ஒருவர் இன்னொருவரிடம், இந்தியில்: "நோயாளிக்கு பெட் கிடைத்துவிட்டது. காருக்குத்தான் இன்னும் இடம் கிடைக்கவில்லை."

வாங்க வேண்டியது: வாக்கர், குளியலறைக்கு வழுக்காத மிதியடி, ரவை.

ஆகஸ்ட் 20, புதன்

காலையில் ரா. சாரிடம் எந்த டயர் நல்லது என்று கேட்டேன். யோசிக்காமல் ஒரு ரகத்தின் பெயரைச் சொன்னார். "மெத்து மெத்துன்னு போகுமுங்க. மழையில தண்ணிய வெண்ணெய வெட்டற மாதிரி வெட்டிட்டுப் போகும்."

மதியம் டயர் கடை. கடைக்காரர் குல்தீப்பும் அதே ரகத்தைத்தான் எடுத்து வைத்தார். நான் வாயே திறக்கவில்லை. அவருடைய இந்தியை இங்கே தமிழில் குறிக்கிறேன்: "அப்படியே சோஃபா, மேடம்ஜி. மழையில் தண்ணீரை வெண்ணெய் மாதிரி வெட்டும்."

இரண்டு ஆதாரம், ஒரே பதில். திருப்தியாக இருந்தது. முன்பணம் கொடுக்கக் கைப்பையைத் திறந்தேன். திறந்தவள் அப்படியே நின்றேன். வெண்ணெய்?

"கோயம்புத்தூர் சாஹப், ஏர்ஃபோர்ஸ், அவரைத் தெரியுமா?"

"தெரியாமலா! முந்தாநாள் போன் செய்தாரே. மேடம் வருவார், என்ன டயர் சொல்லட்டும் என்று கேட்டார். நான்தான் சொன்னேன்."

இரண்டு ஆதாரம் இல்லை. ஒன்றுதான். அதுவும் விற்கிறவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படிச் செய்திருந்தால் பத்திரிகை ஆசிரியர் என்னைப் படிக்கட்டிலேயே உட்கார வைத்திருப்பார். பணம் கொடுக்காமல் வந்துவிட்டேன்.

ரா. சாருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. "ஏனுங்க அம்மணி, எனக்கு டயரைப் பத்தி என்னங்க தெரியும்? நான் ஸ்டோர்ஸ்ல இருந்தவன். தெரிஞ்சவன்கிட்டக் கேட்டுத்தானுங்களே சொல்லோணும்?"

உண்மையிலேயே டயர் தெரிந்த ஆள் ஒருவர்தான். அவர் மருத்துவமனையில் மூன்றாவது மாடியில் படுத்திருக்கிறார். அவரிடம்தான் மறைத்துக்கொண்டிருக்கிறேன்.

நரம்புப் பரிசோதனை இன்று எடுத்தார்கள். காலில் ஊசி ஏற்றி மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது. கத்துவார் என்று நினைத்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

வெளியே வந்ததும் சிஸ்டர் (கோட்டயம், என்னைச் சேச்சி என்பாள்): "சேச்சி, சார் கட்டில் பலகையில காலை வச்சு அமுக்கிட்டே இருக்கார். என்ன சார், பிரேக்கான்னு கேட்டேன். போர்வையை இழுத்துக் காலை மூடிட்டார்."

அமுக்கத்தான் முடிகிறதே. எடுப்பதுதானே வரவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

மழை இல்லை. சொல்லிவிட்டேன். இட்லியைச் சாம்பாரில் முக்கிக்கொண்டிருந்தார்.

"வண்டிக்கு டயர் மாத்தணுங்க. முன்னாடி இடதுபக்கம் புடைச்சிருக்கு."

"யாரு பாத்தா?"

"ராமலிங்கம் சார்."

"அவரா? அவரு ஏர்ஃபோர்ஸ்ல டயரை எண்ணியிருப்பாரு, பாத்திருக்க மாட்டாரு."

"நானும் தொட்டுப் பாத்தேன்."

"நீ எங்க தொட்ட? ஸ்டெப்னியையா?"

சிரித்தேன். அவரும். அந்தச் சிரிப்பு இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன். "பதினாறு இன்ச்சுக்கே மாத்திரலாம்னு இருக்கேன். முதுகுக்குக் குலுங்காம இருக்கும்."

ஒரு மணி நேரச் சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். மனசுக்குள் பதில்கூட வரிசையாக வைத்திருந்தேன். அவர் போர்வைக்குள் நீட்டியிருந்த காலைப் பார்த்தார். இட்லித் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"உனக்கு எது சரியாப் படுதோ அதைப் போடு."

"எந்த ரகம்னு…"

"எதையாவது போடு."

டயரில் காற்று எவ்வளவு என்பதற்கே பெட்ரோல் பங்க் ஆட்களோடு வாதாடுகிறவர். எதையாவது போடு என்கிறார்.

மருத்துவமனை வாசலில் ரொம்ப நேரம் நின்றேன். எந்தப் பக்கம் மெட்ரோ என்பதே ஒரு கணம் மறந்துவிட்டது. பாதத்தைப் பற்றி டாக்டர் சொன்னபோதுகூட இவ்வளவு பயம் வரவில்லை.

அலுவலகத்திலிருந்து நாலு முறை போன். எடுக்கவில்லை. பிறகு எடுத்தேன். தலைப்பில் ஒரு எழுத்துப் பிழையாம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

விடியும்போதே நல்ல மழை. வண்டியை ரா. சார் மெதுவாக ஓட்டி வந்தார், நான் பக்கத்தில். அந்தப் புடைப்பு வெடிக்காமல் கடை வரை வர வேண்டுமே என்று ஒவ்வொரு பள்ளத்தையும் நான் விரல் நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தேன்.

குல்தீப் பதினாறு இன்ச் சக்கரம் ஒரு செட் வைத்திருந்தார். பழையது, ஆனால் கார் கம்பெனியே போட்டது. இயந்திரத்தில் சுற்றிக் காட்டினார். கோணல் இல்லை. டயரை எடுக்கப் போகும்போது போன். சுந்தர்.

"அந்த டயர் எப்போ செஞ்சதாம்? பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், பாரு. முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம்."

பார்த்தேன். படித்தேன்.

"பழசு. குடோன்ல கெடந்தது. உன் தலையில கட்டுறான். போனை அவன்கிட்டக் குடு."

கொடுத்தேன். குல்தீப் முதலில் சிரித்தார். பிறகு "ஜி, ஜி" என்றார். பிறகு ஏணி போட்டு மேலே ஏறி வேறு நான்கு டயர்களை இறக்கினார். வேறு ரகம். வெண்ணெய் பற்றிப் பேச்சே இல்லை. போனைத் திருப்பித் தரும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாஹப் போலீஸா, மேடம்ஜி?"

"இல்லை. ரிடயர்டு இன்ஜினியர்."

"அது இன்னும் மோசம்."

ரா. சார் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் நாலு நாளில் முதல்முறையாக மூச்சு சரியாக வந்தது. அந்தத் தைரியத்தில் கேட்டுத் தொலைத்தேன்: "பழைய பதினேழை எடுத்துக்கிட்டுக் கணக்குல கழிச்சுக்கிறேங்கிறாரு. என்ன சொல்ல?"

மறுமுனையில் வார்டு டிவி சத்தம். யாரோ தண்ணீர் கேட்கிறார்கள்.

"எடுத்துக்கச் சொல்லு." வைத்துவிட்டார்.

குல்தீப் காத்திருந்தார். பையன்கள் நான்கு சக்கரத்தையும் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். மழையில் கழுவி, பளிச்சென்று.

கழிக்க வேண்டாம் என்றேன். ரெண்டு டிக்கியில், ரெண்டு பின்சீட்டில்.

"அம்மணி, சார்தான் குடுக்கச் சொல்லிட்டாருங்களே?"

"சொன்னாரு."

"நாளைக்கு வாக்கரை வெக்க டிக்கியத் தொறந்தா பாத்துருவாருங்க."

"அதனாலதான் இன்னைக்கே உங்க வீட்டுக்கு வருது."

கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "என் வீட்டம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க."

திரும்பும்போது நான் ஓட்டினேன். மேம்பாலத்தில் மெதுவாக. இணைப்புகள் இன்னும் தெரிகின்றன, ஆனால் தடக் இல்லை, தொப். ஈரத்தில் பிரேக் பிடித்துப் பார்த்தேன், இரண்டு முறை. நின்றது. பின்னால் வந்தவர் ஹாரனில் திட்டினார்.

நாளை டிஸ்சார்ஜ், பில் முடிந்ததும், அநேகமாக மதியத்துக்குள். நரம்புப் பரிசோதனை முடிவு வரவில்லை. திங்கட்கிழமை, பதினொரு மணிக்கு மேல். ஓட்டலாமா கூடாதா என்பதை அதைப் பார்த்த பிறகுதான் சொல்வாராம். இன்று நானே டாக்டரிடம் கேட்டுவிட்டேன், சுந்தர் காதில் விழாமல், வார்டுக்கு வெளியே வைத்து. அதுவரை நான்கு சக்கரமும் கீழ்வீட்டுப் பால்கனியில், போர்வைக்கு அடியில்.