விளிம்பில் உரசிய பந்து

அண்ணை,

உங்கள் மனைவி உங்களின் கிரிக்கெட் பையை என்னிடம் தந்துவிட்டார். வீட்டில் இடமில்லையாம். ஸிப்பைத் திறந்ததும் மட்டைக்குப் பூசும் எண்ணெயும் பழைய வியர்வையும் சேர்ந்து மணத்தன. மூடிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

இங்கிலாந்தில் ஒரு கவுண்டி அணிக்கு ஐந்து சீசன் துடுப்பாடியவர் நீங்கள் என்று டோர்வல் விமான நிலையத்தில் எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் விமானத்தில் பெட்டி ஏற்றினீர்கள். நான் அதே விமானங்களின் இயந்திரம் பார்த்தேன். சரிபார்க்காமல் எதையும் நம்புகிறவன் இல்லை நான். இணையத்தில் தேடினேன். உண்மைதான். ஆனால் ஓட்டங்கள் சுமார். முகத்துக்கு நேரேயே கேட்டேன்.

"அண்ணை, நீங்கள் பெரிய ஆட்டக்காரன் இல்லையே?"

"ஓமடா. அதாலதானே இஞ்ச பெட்டி தூக்கிறன்."

போன கோடையில் நோத்ர-டாம்-த-கிரேஸ் பூங்காவில் நம் அணிக்கு அரையிறுதி. எங்கள் லீக்கில் துடுப்பாடும் அணிதான் நடுவரையும் நிறுத்த வேண்டும். அன்று நான் நின்றேன். வெல்லப் பதினொரு ஓட்டம். நீங்கள் ஒருவர்தான் நின்று ஆடிக்கொண்டிருந்தீர்கள். மறுபுறம் கடைசி ஆள். பந்து உங்கள் மட்டை விளிம்பில் உரசி விக்கெட் காப்பாளரின் கைக்குப் போனது. சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"நொட் அவுட்" என்றேன்.

என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே நடந்தீர்கள். தோற்றோம். எதிரணி உங்களுக்குக் கை தட்டியது. என்னைப் பார்த்துச் சிரித்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கத்தினேன். "நான் அவுட் குடுக்கேல்லையே. ஏன் வெளிக்கிட்டனீங்கள்? எல்லாருக்கும் முன்னால என்னைக் கள்ளனாக்கிப் போட்டியள்."

"கவுண்டியில ஒருக்கா இப்பிடித்தான் பட்டது. அம்பயர் காணேல்லை. நான் அசையாமல் நிண்டு நூறு அடிச்சன். இன்னொரு வருஷம் ஒப்பந்தம் தந்தாங்கள். பந்து போட்டவனுக்கும் அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். அவனை அணியில இருந்து நிப்பாட்டிப் போட்டாங்கள்."

"அதுக்கு? உங்கட பாவத்தை எங்கட மச்சிலயோ கழுவுறது?"

நீங்கள் கோட்-டெ-நெய்ஜ் நிறுத்தத்தில் இறங்கிப் போனீர்கள். அதற்குப் பிறகு உங்களோடு நான் கதைக்கவில்லை. மார்கழியில் மாரடைப்பில் போய்விட்டீர்கள்.

பஸ்ஸில் கேட்ட கேள்வி பிழையென்று இன்னும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நான் சொன்ன "நொட் அவுட்" பொய். அதை ஒத்துக்கொள்ள ஐந்து மாதம் கிடைத்தது. கோபத்தில் கழித்தேன்.

போன ஞாயிறு மறுபடி நடுவராக நின்றேன். எங்கள் கப்டனின் மட்டையில் பந்து பட்டது. அவர் அசையவில்லை. நான் விரலைத் தூக்கினேன்.

"விசரோடா உனக்கு? நீ ஆரின்ர பக்கம்?" அவர் கத்தியது முழுப் பூங்காவுக்கும் கேட்டிருக்கும்.

விரலை இறக்கவில்லை, அண்ணை.