லலிதாக்காவின் தொண்டைக்கு ஒன்றுமில்லை

பிரியமான லலிதாக்கா,

சௌக்கியமா என்று கேட்க வழியில்லை. நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. மைக்கைக் கையில் கொடுத்தால் இரண்டு மணி நேரம் கதை அளக்கிறவன் நான். எழுத்தாளர், இயக்குநர் என்று போஸ்டரில் வேறு போடுகிறார்கள். ஆனால் உன்னிடம் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தை ஒன்பது வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். நீ இருக்கும்போது சொல்லாததை இப்போது ஊரறிய எழுதுகிறேன். இதுவும் ஒரு கோழைத்தனம்தான், தெரியும்.

என் முதல் படத்தைப் பற்றித்தான். மலையாள தேசத்துக் கரமனையில், நம் அக்கிரகாரத் தெருவிலேயே எடுத்த தமிழ்ப் படம். ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடுவில் அல்லாடுகிற ஒரு பெண்ணின் கதை. நடித்தவள் கொச்சிக்காரி, தமிழ் ஒரு சொல் வராது. அவளுக்கு டப்பிங் பேச வேண்டும் என்று உன்னிடம் வந்து நின்றவன் நான்தான்.

"எனிக்கு என்னடா தெரியும்? ஃபைல் நோக்கிண்டு இருக்கறவ நான்" என்றாய். ஆனால் மறுநாளே ஆபீசில் அரைநாள் அரைநாளாக லீவு எழுதிக் கொடுத்துவிட்டாய். நான்கு நாள் வந்தாய். தொண்டை கெடக்கூடாதென்று பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை, தயிரைத் தொடவில்லை. கதாநாயகி மகனைத் திட்டும் காட்சியில் நீ என்னைப் பார்த்துக்கொண்டே திட்டினாய். சவுண்ட் என்ஜினியர் சிரித்துச் சிரித்து இரண்டு டேக் வீணாயிற்று. அந்தத் திட்டு அத்தனையும் எனக்கு உரியதுதான், இல்லையா?

பிறகு சென்னையிலிருந்து விநியோகஸ்தர் போன் செய்தார். "படம் நல்லாருக்கு சார். ஆனா அந்தம்மா பேசறது என்ன தமிழ்? பாதி மலையாளமா இருக்கே! இங்க ஒரு ஆர்ட்டிஸ்ட் இருக்காங்க, ஒரே நாள்ல முடிச்சிரலாம்."

நான் சரி என்றேன். அவர் மிரட்டவில்லை, நானும் மன்றாடவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் அக்கா, எனக்கே நம் பேச்சு கூச்சமாக இருந்தது. சென்னையில் வாய் திறந்தபோதெல்லாம் "சார் மலையாளியா?" என்று கேட்டுக் கேட்டு, நான் என் பேச்சையே மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. உன் குரலில் என்னுடைய பேச்சு கேட்டது. அதனால்தான் எடுத்துவிட்டேன்.

உன்னிடம் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். "என் சப்தம் எப்படிடா கேக்கறது?" என்று நீ போனில் கேட்டபோதெல்லாம் "பிரமாதம்" என்றேன். படம் வெளியான அன்று நீ பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, தெருப் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு தியேட்டருக்கு வந்தாய். புதுப் புடவை கட்டியிருந்தாய்.

நான் உனக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தேன். கதாநாயகி முதல் வசனம் பேசினாள். பளிங்குபோலச் சென்னைத் தமிழ். நீ அசையவில்லை. திரும்பி என்னைத் தேடவும் இல்லை. தேடியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இடைவேளையில் எதிர்வீட்டுக் கல்யாணி மாமி எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். "ஏண்டி லலிதா, ஒன் சப்தம் எங்கேடி?"

"தொண்டை கட்டிண்டுடுத்து மாமி. கரகரன்னு கேட்டது. நான்தான் வேற ஆளை வெச்சுக்கோடான்னு சொன்னேன்."

காபிக் கோப்பையோடு உன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. திரும்பும்போது ஆட்டோவில் "அக்கா..." என்று ஆரம்பித்தேன். "மழை வரும்போல இருக்குடா, மாடியிலே துணி ஒணத்தியிருக்கேன்" என்று வெளியே பார்த்துக்கொண்டாய். அப்பாடா என்றிருந்தது எனக்கு. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்று உடம்பு கூசுகிறது.

அதோடு விட்டேனா? படம் பேர் வாங்கியது. 'அக்கிரகாரத்தின் அசல் குரல்' என்று ஒருவர் விமர்சனம் எழுதினார், நான் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டேன். சினிமா அனுபவங்களைப் புத்தகமாக எழுதியபோது, உன் தொண்டை கட்டிய கதையை ஒரு நகைச்சுவைப் பத்தியாகவே எழுதினேன். நீ எனக்காகச் சொன்ன பொய்யை நான் அச்சில் ஏற்றினேன்.

எழுதியதெல்லாம் முதலில் உன்னிடம்தானே வரும்? நான் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவன்; நீ வாரப் பத்திரிகைகளைப் படித்தே தமிழ் தேறியவள். ஆபீஸ் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கங்களைத் திருத்தி, பிழைகளைப் போனில் சொல்வாய். போன வாரம் உன் அலமாரியை ஒழித்தபோது அந்தப் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதிக் கட்டு கிடைத்தது. தொண்டை கட்டிய பத்தியில் இரண்டு எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மசியில் திருத்தியிருக்கிறாய். பொய்யைத் தொடவில்லை.

அந்தக் காகிதத்தோடு எதிர்வீட்டுக்குப் போனேன். கல்யாணி மாமியிடம் நடந்ததைச் சொன்னேன். முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாள்.

"எனக்குத் தெரியாதாடா? தொண்டை கட்டினவளா தெனம் சாயங்காலம் பஜனையிலே முன்னாடி ஒக்காந்து பாடினா? தெருவுலே எல்லாருக்கும் தெரியும். அவ தம்பி மானத்தை அவ காக்கறா, நாம எதுக்குக் கெடுக்கணும்னு வாயைத் தொறக்காம, மிண்டாம இருந்தோம் ஆக்கும்."

நான் மறைத்துவிட்டதாக நினைத்ததை ஒரு தெருவே எனக்காக மறைத்திருக்கிறது. இத்தனை நாளும் அந்தத் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்திருக்கிறேன்!

உன் குரலையாவது மீட்கலாம் என்று ஸ்டுடியோவில் விசாரித்தேன். இல்லையாம். வேறு படத்துக்கு இடம் வேண்டுமென்று, உன் குரல் பதிந்திருந்த ஹார்ட் டிஸ்கை அழிக்கச் சொன்னதும் நான்தானாம். எனக்கு ஞாபகமே இல்லை அக்கா.

புத்தகம் மறுபதிப்பு வருகிறது. அந்தப் பத்தியை அடித்துவிட்டு இப்படி எழுதியிருக்கிறேன்: 'லலிதாக்காவின் தொண்டைக்கு ஒன்றுமில்லை. அவள் அருமையாகப் பேசினாள். நான்தான் வெட்கப்பட்டு அவள் குரலை நீக்கினேன். நீக்கியதை அவளிடம் சொல்லவும் இல்லை.' இனி எந்த மேடையில் அந்தப் படத்தைப் பற்றிப் பேசினாலும் இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றது பேசுவேன். இது சத்தியம்.

மன்னித்துவிடு என்று மட்டும் எழுத மாட்டேன். எழுதினால் நீ யோசிக்காமல் "சாரமில்லேடா, போனாப் போறது" என்றுவிடுவாய். அப்புறம் நான் மறுபடியும் அப்பாடா என்று இருந்துவிடுவேன்.

உன் கூடப் பிறந்த தம்பி,
சுந்தரம்
கரமனை