அத்தை துணி காயப்போட்ட ஸ்வே பார்

அன்புள்ள மாப்ளே ஜெபராஜுக்கு,

நீர் இருக்கிற இடத்தில் டிராஃபிக் இருக்காது என்று நம்புகிறேன். இங்கே எனக்கு அலுத்துவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

ஆயுசு முழுக்க டெல்லியில் சர்க்கார் ஃபைல் தள்ளி, சரோஜினி நகர் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, மயூர் விகாரில் உங்கள் வீட்டுக்கு அடுத்த பிளாக்கில் குடிவந்தேன். இனி காலையில் பேப்பர், மத்தியானம் தூக்கம் என்று கனவு கண்டேன். நீர் என்னடாவென்றால் ஒரு வார்த்தை சொல்லாமல், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர். உம் காரை ஓட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது.

என் தங்கச்சி ரூபியின் வேலைதான் உமக்குத் தெரியுமே. படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்க் கவனிக்கிற நர்ஸ். மருந்துப் பையும் சின்ன ஆக்சிஜன் சிலிண்டரும் தூக்கிக்கொண்டு மெட்ரோவில் அலைய முடியுமா? கார் இல்லாமல் அந்த வேலை இல்லை. காரை ஓட்டவோ அவளுக்குப் பயம்.

நேர் ரோட்டில் நன்றாகத்தான் ஓட்டுவாள், நீர் கற்றுக்கொடுத்ததாயிற்றே. பாராபுல்லா மேம்பாலத்தில் ஏறுகிற வளைவு வந்தால்தான் தடுமாறுவாள். உயரமான கார், திரும்பும்போது ஒரு பக்கமாகச் சாய்கிறது. நீர் பக்கத்தில் இருந்தவரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். நீர் போன பிறகு ஒரு தரம் தனியாக முயன்றாள். பாதி வளைவில் பிரேக்கைப் போட்டு நிறுத்திவிட்டாள். பின்னால் டெல்லியே நின்று ஹாரன் அடித்திருக்கிறது. வீட்டுக்கு வந்து சாவியை என் கையில் வைத்து, "கவுந்துரும் போல இருக்குண்ணே, என்னால முடியாது" என்றாள்.

அன்றிலிருந்து நான் டிரைவர். அவள் நோயாளி வீட்டுக்குள் போவாள், நான் தெருவில் வேப்பமர நிழல் தேடி நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். மே மாதம் ஏசி போட்டால் எஞ்சின் கொதிக்கும், போடாவிட்டால் நான் கொதிப்பேன். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் வீங்கிவிட்டது. இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். சம்பளத்துக்கு டிரைவர் வைத்தால் கட்டுப்படியாகாது. ரூபி யோசித்துவிட்டு, வேலையை விட்டுவிட்டு, உம்மைப் பெற்ற அத்தையைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கே போய்விடுகிறேன் என்றாள். சும்மா சொல்லவில்லை. வீடு பார்க்கச் சொல்லிப் போனும் பண்ணிவிட்டாள்.

இனி அந்தக் கம்பிக் கதை. உம்மை அடக்கம் செய்த மறுவாரம் உம் பெயருக்கு நீளமாக ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் இரண்டு முனையும் வளைந்த ஒரு சிவப்புக் கம்பி. பால்கனியில் துணி காயப்போடக் கம்பி வேண்டும் என்று உம் அம்மா உம்மை எத்தனை நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தாள்? கம்பியைப் பார்த்ததும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "எம்மவன் கடைசியா எனக்கு அனுப்புனது" என்றாள். எங்களுக்கு மட்டும் என்ன தெரியும்? நான்தான் ஸ்டூலில் ஏறி நைலான் கயிற்றால் பால்கனியில் கட்டினேன். தினமும் அவளுடைய வெள்ளைச் சேலை அதில் காய்ந்தது. கோயிலிலிருந்து யார் ஜெபம் பண்ண வந்தாலும் முதலில் பால்கனிக்குக் கூட்டிப்போய் அதைத்தான் காட்டுவாள்.

போன மாதம் உம் கார்ப் பைத்தியக் கூட்டாளி குர்மீத் துக்கம் கேட்க வந்தார். கனடாவில் மகன் வீட்டில் இருந்தாராம், அதனால்தான் தாமதம். டீ டம்ளரோடு பால்கனிப் பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அரே பாய் சாப், யே க்யா கியா? யே தோ காடி கா ஸ்வே பார் ஹை!" இது கார்ச் சாமான் ஆயிற்றே என்று பதறினார்.

நல்லவேளை, அத்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். குர்மீத் குரலைத் தாழ்த்தி விளக்கினார். காரின் பின்சக்கரங்களுக்கு நடுவே குறுக்காக ஒரு கம்பி இருக்குமாம். வளைவில் கார் ஒரு பக்கம் சாயப் பார்க்கும்போது இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வது அதுதானாம். உம் காரில் இருப்பது மெல்லிசு. இது தடிமனானது. "ரூபிக்கு அந்த வளைவில் பயமாக இருக்கிறது, அவளிடம் சொல்லாமல் மாட்டிவிட்டு ஓட்டச் சொல்லப்போகிறேன் என்றுதான் வாங்கினான்" என்றார்.

ரூபி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்காவா வாங்குனாவ?" என்று மட்டும் கேட்டாள். பிறகு என்னை உள்ளே இழுத்துப்போய், "அண்ணே, அத்தைகிட்ட மூச்சு விடக்கூடாது. அது அங்கனயே தொங்கட்டும். நான் ஊருக்கே போயிருதேன்" என்றாள்.

நீரே சொல்லும் மாப்ளே, நான் என்ன செய்ய? அம்மாவின் ஆறுதலைப் பிடுங்கிப் பெண்டாட்டிக்குக் கொடுக்கிற வேலையை என்னிடம் விட்டுவிட்டு நீர் நிம்மதியாகப் படுத்துக்கொண்டீர். அதே மாதிரி வேறொன்று வாங்கிவிடலாம் என்று பார்த்தால், உம் காருக்குப் பொருந்துகிற அளவு இப்போது வருவதில்லையாம். ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் ஒரு காலையில், ரூபி குளிக்கப் போன நேரத்தில், அத்தையிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வாங்கலியா?"

"இல்ல அத்தை."

"அதான பாத்தேன். நான் கேட்டு அவன் என்னைக்கு வாங்கியிருக்கான்?" என்றாள். எழுந்து, பாதி ஈரமாக இருந்த சேலையை எடுத்து மடித்தாள். "அவுத்துட்டுப் போ, ஞானம். இது கெடந்தா நான் தெனமும் பொய்யைத்தான பாத்துக்கிட்டு இருப்பேன்." அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் ரூபி வந்து அழுதபோது அத்தை அதட்டினாள். "ஊருக்குப் போயி நான் யார்கிட்ட பேச? காய்க்காரன் முதக்கொண்டு எனக்கு எல்லாரும் இங்கதான் இருக்காவ. நீ ஒழுங்கா கார் ஓட்டிப் படி."

கோட்லா பக்கம் குர்மீத்துக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் மாட்டினோம். கம்பியின் முனையில் இரண்டு ஓட்டை, ஒன்றில் மாட்டினால் கொஞ்சம் இளக்கம், மற்றதில் முழு இறுக்கம். எதில் மாட்டட்டும் என்று மெக்கானிக் கேட்டார். நான் குர்மீத்தைப் பார்த்தேன், குர்மீத் என்னைப் பார்த்தார். ரூபி, "இறுக்கத்துலயே போடுங்க" என்றாள். ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் மறுபக்கமும் சேர்ந்து குலுங்கும் என்று குர்மீத் எச்சரித்தார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து அவளே ஓட்டினாள். அத்தை முன்னால், நான் பின்னால். மேம்பாலத்துக்குக் கீழே நம் ஜனங்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்பை இடித்துவிட்டார்கள், இப்போது வெறும் மண். அத்தைக்குக் கூடமாட ஒத்தாசைக்கு வந்த பாக்கியமும் ஊர்க்கோடி நரேலாவுக்குப் போய்விட்டாள், அங்கிருந்து எப்படி வருவாள்? இதையெல்லாம் உமக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வளைவு வந்துவிட்டது. ரூபியின் தோள் இறுகியது. நானும் பின்னால் இல்லாத பிரேக்கை மிதித்தேன். கார் திரும்பியது. சாயவில்லை என்று சொன்னால் பொய், கொஞ்சமாகச் சாய்ந்து அங்கேயே நின்றுகொண்டது. ரூபி பிரேக்கைத் தொடவே இல்லை. மேலே ஏறி நேர் ரோடு வந்த பிறகுதான் மூச்சு விட்டாள். அத்தை கையை நீட்டி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

குழி வந்தால் நிஜமாகவே தூக்கிப் போடுகிறது. என் இடுப்பு போச்சு என்று முனகினேன். "மெட்ரோல வாங்கண்ணே" என்றாள் உம் பெண்டாட்டி. சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சிரித்து எத்தனை மாதமாயிற்று!

இன்று காலை தனியாகப் போனாள். சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பையை வைத்து, சிலிண்டரைக் கட்டி, ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்பிவிட்டாள். பாளையங்கோட்டை வீடு வேண்டாம் என்று நேற்றே சொல்லிவிட்டாளாம். முதல் வீடு போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணினாள். "வந்துட்டேண்ணே. நீங்க படுங்க."

பேப்பரை எடுத்தேன், ஓடவில்லை. படுத்தேன், தூக்கம் வரவில்லை. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம் என்று அடுப்படிக்குப் போனேன். அடுப்பைப் பற்றவைக்கக்கூட இல்லை மாப்ளே, அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். உமக்காக நான் அழுதது இன்றுதான். இத்தனை நாளும் எனக்கு எங்கே நேரம் இருந்தது?

ஒன்று மட்டும் உறுதி தருகிறேன். அவள் ஓட்டும்போது பின் சீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்காருவேன். வளைவில் பிரேக் போடச் சொல்ல மாட்டேன். அவள் திரும்பி வரத் தாமதமானால் வாசலில் நின்று பார்ப்பேன், போன் பண்ணித் தொந்தரவு செய்ய மாட்டேன். நீர் இருந்தால் அப்படித்தான் இருந்திருப்பீர்.

ஓய்ந்துபோன உம் மச்சான்,
ரூபிக்கு அண்ணன்,
ஞானதாஸ்