யாருக்குச் சின்ன வண்டி

மட்டாஞ்சேரி
13-7-2004

அன்பு மகன் சிஜுவுக்கு அம்மா பேச்சியம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் பெண்டாட்டி மஞ்சுஷாவும் உன் மகள் அஞ்சுவும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகவே இருக்கிறோம், மஸ்கட்டில் உன் உடம்பும் மனசும் அப்படியே இருக்க நம் தெருக் காளியம்மன் பார்த்துக்கொள்ள வேண்டும். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய், அதனால் பெரிய எழுத்தாக எழுதுகிறேன், பாதியில் கோபம் வந்தாலும் முழுக்க வாசி. மழை விடவில்லை, பின்சுவரில் ஈரம் ஏறிவிட்டது. அஞ்சு அங்கன்வாடிக்குப் போகிறாள், உன்னைப் போலவே முள் எடுத்துக் கொடுத்தால்தான் மீன் தின்கிறாள். நீ அனுப்பிய போட்டோ வந்தது, வயிறு முன்னால் வந்திருக்கிறது, அங்கே தின்கிற குப்பூஸ் ரொட்டியைக் குறைத்துக்கொள்.

இப்போது உன் பைக் விஷயம். போன வியாழக்கிழமை சாயங்காலம் உன் சித்தப்பா சுப்புராஜின் மகன் அனூப், இடப்பள்ளியிலிருந்து வண்டி வாங்குகிற ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான். பெரியம்மா, சிஜு சேட்டன் சொல்லித்தான் வந்தேன், இந்தச் சின்ன வண்டியக் குடுத்துட்டு ஓணத்துக்கு முன்னாடி பெருசா ஒண்ணு எடுக்கணுமாம், சாவி தாங்க என்றான். நான் தரவில்லை. உங்க அப்பன் வந்து கேட்டாலும் தரமாட்டேன் என்றும் சொன்னேன். வந்த ஆள் முன்னால் அவன் முகம் கறுத்துப் போனது, இந்நேரம் உனக்குப் போன் போட்டு அழுதிருப்பான். அவன் சொன்னதைக் கேட்டிருப்பாய், நான் சொல்வதையும் கேள்.

நீ போன கடிதத்தில் எழுதியது எனக்கு அப்படியே மனப்பாடம். நூறு சிசி வண்டி சந்தைக்குப் போய்வரத்தான் ஆகும், நீயும் அவளும் பிள்ளையும் ஏறினால் மூணாறு ஏற்றத்தில் மூச்சு வாங்கும், கல்ஃபிலிருந்து வந்தவன் அதில் போனால் கூட்டாளிகள் சிரிப்பார்கள். எல்லாம் சரி. உனக்கு அது சின்ன வண்டிதான், போட்டோவில் நிற்கிற ஆளுக்கு இன்னும் சின்னது. ஆனால் நீ வந்தால் நாற்பது நாள் ஓட்டுவாய், மற்ற நாளெல்லாம் அந்த வண்டியை ஓட்டுவது மஞ்சுஷா. ஆமாம், நீ வாசித்தது சரிதான். பத்து மாதமாக அவள்தான் ஓட்டுகிறாள்.

நீ தார்ப்பாய் போட்டு மூடி, ஒருத்தரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்தப் பயத்தில் அவள் உன்னிடம் சொல்லவில்லை. பஸ்ஸிலும் போட்டிலும்தான் வேலைக்குப் போகிறேன் என்று போனில் உன்னிடம் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டாள். ஆனால் தப்பு என்னில்தான் தொடங்கியது. நீ விமானம் ஏறியதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் நான் தார்ப்பாயை விலக்கி, வண்டிக்குக் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மஞ்சள் தண்ணீர் விட்டு வந்தேன். நீயே நிற்கிற மாதிரி எனக்கு. தெளித்தால் போதாது என்று ஒரு செம்பு நிறையவே ஊற்றுவேன். ஒன்றரை வருஷம் ஊற்றியதில் செயின் துருப்பிடித்து ஒட்டிப்போய்ச் சக்கரம் அசையவில்லை. மஞ்சுஷா அதைப் பார்த்து ஒர்க்‌ஷாப் நைனா முகம்மதைக் கூட்டி வந்தாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, அக்கா, இது சாமியில்ல, வண்டி, இதுக்கு எண்ணெயும் ஓட்டமுந்தான் வேணும், அபிஷேகம் வேணாம் என்றார். தினமும் ஓட்டாவிட்டால் எஞ்சினும் போகும் என்றார். அனூப்பை ஓட்டச் சொல்ல எனக்கு மனசில்லை. அப்போதுதான் இவள், நான் ஓட்டுறேன் அத்தே என்றாள். பதினோரு நாள் நான் அவளோடு பேசவில்லை. கல்யாணத்தில் இவள் அம்மா என்னை ரெண்டாம் பந்தியில் உட்கார வைத்ததையும் சேர்த்து நினைத்துக்கொண்டேன். அவள் பாட்டுக்கு வெளி மைதானத்தில் பழகினாள், லைசென்ஸ் டெஸ்டில் முதல் தடவையே காலை ஊன்றாமல் எட்டு போட்டாள். நீ ரெண்டு தடவை தோற்று மூன்றாம் தடவைதான் வாங்கினாய், அன்றைக்கு நீலச் சட்டை போட்டிருந்தாய், எனக்கு மறக்காது.

அவள் வேலை உனக்குத் தெரியும், லேபுக்காக வீடு வீடாகப் போய் நடக்க முடியாதவர்களிடம் ரத்தம் எடுக்க வேண்டும், ஐஸ் பெட்டியில் வைத்து, கெடுவதற்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பஸ்ஸுக்கும் போட்டுக்கும் காத்துக் கிடந்தபோது ரெண்டு தரம் ரத்தம் வீணாகி, மறுபடி போய் அந்த வயசானவர்களைக் குத்தினாள், அன்றைக்கெல்லாம் வந்து சாப்பிடமாட்டாள். இப்போது அப்படி ஒன்றும் இல்லை. வைப்பினுக்கு, வண்டிகளை ஏற்றுகிற ஜங்கார் படகில் வண்டியோடு போகிறாள், ஐஸ் பெட்டியைப் பார்த்ததும் ஜங்கார்க்காரன், சேச்சி கேறிக்கோ என்று முதலில் ஏற்றிவிடுகிறானாம். மழையில் படகில் ஏறுகிற அந்த இரும்புப் பலகை வழுக்கும், முன்னால் ஒரு லாரி நின்றால் சரிவில் அப்படியே நிற்க வேண்டும், ரெண்டு பாதமும் தரையில் படிந்தால்தான் நிற்க முடியும். நம் வண்டியில் அவளுக்குப் படிகிறது. ஒரு நாள் நம் வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருந்தபோது நைனா முகம்மது தன் பெரிய வண்டியைக் கொடுத்தார். நுனிவிரல்தான் எட்டியதாம், அந்தச் சரிவில் வண்டி சாய்ந்து பெட்டியோடு விழப்போனவளை நாலு பேர் பிடித்தார்கள். வந்து என்னிடம், வண்டி நல்ல வண்டிதான் அத்தே, எனக்குள்ளது இல்ல என்றாள்.

இன்னொன்றும் உன்னிடம் மறைத்தேன், பயப்படாதே, இப்போது சரியாகிவிட்டது. போன மாதம் ஒரு காலையில் எனக்கு மூச்சு திணறியது. பஜார் ரோட்டில் அரிசி லாரிகள் இறக்கிக்கொண்டிருந்தன, ஆட்டோ உள்ளே வரமுடியவில்லை. மஞ்சுஷா என்னைப் பின்னால் உட்கார வைத்து, துப்பட்டாவால் என்னையும் தன்னையும் சேர்த்துக் கட்டி, கைவண்டிக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு முழ இடத்தில் நுழைந்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பொம்பளை ஓட்டுகிற வண்டியில் ஏறமாட்டேன் என்று சொன்னவள் நான், அவள் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு போனேன். அத்தே, பேசாதீங்க, மூச்ச மட்டும் விடுங்க என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பெரிய வண்டி நம் குடும்பத்தில் இல்லாமல் இல்லை. உனக்கு நாலு வயசில் ஜன்னி வந்தபோது சுப்புராஜ் தன் புல்லட்டைத் துடைத்துக்கொண்டு நின்றான், பிளக் சரியில்ல மதினி என்றான். நான் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெயிலில் ஓடினேன். அன்றைக்கே நாலு மணிக்கு அதே புல்லட்டில் பெண்டாட்டியோடு எர்ணாகுளத்துக்கு சினிமாவுக்குப் போனான், அவள் ரோஸ் கலர் சேலை கட்டியிருந்தாள். அந்த வண்டி தெரு முழுக்கச் சத்தம் போட்டது, நமக்கு ஓடவில்லை. அவன் மகன் வந்து இந்த வண்டியைச் சின்னது என்று சொல்ல எனக்குப் பொறுக்கவில்லை.

வியாழக்கிழமை அவர்கள் போனபிறகு மஞ்சுஷா ஒரு துணி எடுத்து வண்டியை ஒரு இடம் விடாமல் துடைத்தாள், பிறகு நீ போட்ட தார்ப்பாயையே எடுத்து மூடினாள். என்னடி என்றேன், உங்க மகன் வண்டி அத்தே, அவங்க இஷ்டம் என்றாள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போனாள். நேற்றும் பஸ்ஸில்தான் போனாள், மூன்று வீட்டுக்குப் போக முடியாமல் திரும்பி வந்தாள். நீ ஓணத்துக்கு வந்து உனக்கு ஏற்ற மாதிரி பெரிய வண்டி வாங்கு, மூணாறு போ, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். இதை மட்டும் விற்காதே. விற்றே தீர்வேன் என்றால் நீயே வந்து அவள் கையிலிருந்து சாவியை வாங்கு, அனூப்பை அனுப்பாதே.

இந்தக் கடிதம் உனக்கு எழுதுவது அவளுக்குத் தெரியாது, அவளுக்கு மலையாளம்தான் வாசிக்க வரும், அதனால் அவள் எதிரேயே உட்கார்ந்து எழுதுகிறேன், என் அண்ணனுக்குச் சேதி எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நீ நீண்ட ஆயுசோடும் நல்ல பேரோடும் இருக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வை, வெயிலில் வெறுந்தலையோடு நிற்காதே. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் போன் பண்ணும்போது நான் எடுத்தாலும் அவளைக் கூப்பிடச் சொல். திட்டுவதென்றால் பிறகு என்னைத் திட்டிக்கொள். அவளிடம், வண்டி எப்படி ஓடுது என்று மட்டும் கேள். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாள். லைனை வைத்துவிடாதே.

உன் அம்மா
கா. பேச்சியம்மாள்