அடுப்பின் மேல் பழி

ராசிங்காபுரம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு, பொற்கொடி வணங்கி எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். நீங்கள் அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை. போனில் பேசக் கிடைக்கிற நேரத்தில் நான் கேட்பதற்குள் நீங்கள் ‘சரி, சரி’ என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். ஜெயிலில் பிரித்துப் படிப்பார்கள் என்று இதைத் தபாலில் போடவில்லை. நம் வக்கீல் வித்யா உங்களைப் பார்க்க வரும்போது கொண்டுவருவார். படித்துவிட்டு அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

இங்கே நல்ல மழை. கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது. மேலக்காட்டில் சோளம் விதைக்க ஆள் கூப்பிட்டேன். வருகிறேன் என்று சொன்னவர்கள் வரவில்லை. நானே முடிந்தவரை விதைத்தேன். தெருவில் யாரும் என்னோடு சண்டைக்கு வருவதில்லை, பேசவும் வருவதில்லை. கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. நான் வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் மறுபடி தொடங்குகிறது.

உங்களைப் பெற்ற அத்தையும் உத்தமபாளையத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரு மகன் ஜெயிலில்; அவன் மேல் புகார் கொடுத்தவன் இன்னொரு மகன். எந்த வாசலில் உட்காருவது என்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். அன்று முதல் வீட்டில் நான் ஒருத்திதான். ஒரு ஆளுக்கு உலை வைக்கக் கை இன்னும் பழகவில்லை. தினமும் சோறு மிஞ்சுகிறது.

வழக்கைப் பற்றி வித்யா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். வைக்கோல் போர், விளைச்சல் மாதிரி ஒன்றைக் கொளுத்தினால் ஏழு வருஷம் வரை தண்டனையாம். ஆள் குடியிருக்கும் வீட்டையோ, சரக்கு வைக்கிற கட்டடத்தையோ கொளுத்தினால் பத்து வருஷம், ஆயுள் வரைக்கும்கூடப் போகலாமாம். பழைய சட்டத்தில் 436-ஆம் பிரிவு என்று சொன்னதை இப்போது புதுச் சட்டத்தில் 326-ஆம் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். நம்பர்தான் மாறியிருக்கிறது. உங்கள் தம்பி மாரீஸ்வரன் ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் காய் மூட்டையும் இருந்தது, பக்கத்து அறையில் ஆட்களும் குடியிருந்தார்கள். அதனால் இரண்டு விதத்திலும் அது பெரிய குற்றத்தில்தான் வருகிறது.

‘என் கையால் கட்டிய ஸ்டோர், அதை நான் என்ன செய்தால் யாருக்கென்ன’ என்று ஸ்டேஷனில் நீங்கள் கத்தியதை வித்யாவிடம் சொன்னேன். கூட்டுச் சொத்தாகவே இருந்தாலும், இன்னொருத்தருக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்து தீ வைத்தால் குற்றம்தான் என்றார். அந்தக் கூரைத் தகரத்தையெல்லாம் நீங்கள் தலையில் சுமந்து மலையேற்றியதை நான் பார்த்திருக்கிறேன் மாமா. பாகம் பிரித்தபோது ஸ்டோர் தம்பிக்கும் பாறைக்காடு உங்களுக்கும் போனதும் நியாயமில்லைதான். ஆனால் அதையெல்லாம் எந்தக் கோர்ட்டில் கேட்டிருக்க வேண்டுமோ அங்கே நாம் போகவில்லை.

தம்பி மன்னித்தாலும் வழக்கு போகாதாம். வழக்கு நடத்துவது அரசாங்கம். ஆனால் சாட்சிகள் மாற்றிச் சொன்னால் வழக்கு நிற்காது என்று அத்தையிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். போன மாதம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “ஏத்தா, காய் காயவைக்கிற அடுப்புல இருந்து நெருப்புத் தெறிச்சுப் பிடிச்சிருச்சுன்னு சொல்லச் சொல்லிச் சின்னவன்கிட்டப் பேசிட்டேன். மொத மாட்டேன்னான், இப்ப தலைய ஆட்டிட்டான். அந்த அருணா ஒருத்திதான் பெரியவனப் பாத்தேங்கிறா. நீ போயிக் கேளு. பொம்பளைக்குப் பொம்பள எரங்குவா. எம்புள்ள வீடு வந்துருவான்” என்று அழுதார்கள்.

நானும் போனேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, ஆசையோடுதான் போனேன். போடிமெட்டு ஜீப்பில் ஏறினேன். எப்போதும் ‘வா மதினி’ என்று நகர்ந்து இடம் கொடுக்கிற பெண்கள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஸ்டோர் அறையில் குடியிருந்த அருணாவும் அவள் புருஷன் பால்சாமியும், அது எரிந்த பிறகு கேரளா பக்கம் ஒரு எஸ்டேட்டில் கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் இருக்கிறார்கள். ‘ஆ கடைசி முறி, சேச்சி’ என்று ஒரு மலையாளத்து அம்மாள் கடைசி அறையைக் கை காட்டினார்.

பால்சாமி குப்புறப் படுத்திருந்தார். அன்றைக்குக் காய் மூட்டையை வெளியே இழுக்கப் போனவர் முதுகில் தகரம் விழுந்தது உங்களுக்குத் தெரியும். புண் ஆறிவிட்டது, தோல்தான் இழுத்துப் பிடித்திருக்கிறது. மல்லாந்து படுக்க முடியவில்லை. என் குரலைக் கேட்டதும் தலையைத் தூக்கி, “வாங்க மதினி. அண்ணே அங்க நல்லா இருக்காரா?” என்று கேட்டார்.

அருணா காப்பி கொடுத்தாள். வந்த விஷயத்தை நான் சொல்லவில்லை. அவளே சொன்னாள். “எதுக்கு வந்திருக்கீகன்னு தெரியும்க்கா. அண்ணன நான் பாக்கலன்னு வேணும்னாச் சொல்லிருவேன். நாங்க கூலிக்குப் போறவுக, யாரையும் பகைச்சுக்க முடியாது. ஆனா அடுப்புல இருந்து பிடிச்சதுன்னு சொல்றாகளாமே? அந்த அடுப்பப் பாத்துக்கிட்டது இவருதானக்கா? அப்ப இவரு தூங்கிட்டாருன்னுதான அர்த்தம்? இப்பவே எந்த ஸ்டோர்லயும் இவர அடுப்புக்கு விட மாட்டேங்கிறாக. கோர்ட்டுலயும் அப்படி ஆயிருச்சுன்னா இவரு மேலயே கேசு போட்டாலும் போடுவாகளாம். வெந்தவருக்கே பழியா?”

நான் காப்பியைக் குடித்து முடிக்கவில்லை. “ஒண்ணும் மாத்திச் சொல்ல வேணாம்மா, பாத்ததச் சொல்லு” என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். உங்களுக்கு எதிராக நான் சொன்ன வார்த்தை அது. கீழே இறங்கும்போது வளைவுக்கு வளைவு நின்று திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. ஆனால் போகவில்லை.

நேரே மாரீஸ்வரன் வீட்டுக்குப் போய், அடுப்பின் மேல் பழி போட வேண்டாம் என்று சொன்னேன். “எனக்கும் அந்தப் பொய் தொண்டையில இறங்கல மதினி. ஆத்தாளுக்காகத்தான் சரின்னேன்” என்றார். அத்தை போனில் என்னைச் சபித்தார்கள். பெற்றவர்கள், சொல்லட்டும். அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை.

இனி உங்கள் கையில்தான் இருக்கிறது. குற்றத்தை நீங்களே நீதிபதி முன்னால் ஒத்துக்கொண்டால் தண்டனை குறையுமா என்று வித்யாவிடம் கேட்டேன். குறையும் என்று உறுதி சொல்ல முடியாது, முதல் குற்றம் என்பதையும் உயிர்ச்சேதம் இல்லை என்பதையும் சேர்த்து நீதிபதி மனதில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்றார். ஒத்துக்கொள்ளுங்கள் என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. கம்பிக்குள் இருக்கப்போவது நீங்கள். ஆனால் பால்சாமி தலையில் மட்டும் ஏற்றிவிட வேண்டாம் மாமா.

ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்குப் போடியில் சந்தை. அருணாவும் பால்சாமியும் கீழே இறங்கியிருப்பார்கள், அறையில் ஆள் இல்லை என்று நினைத்துத்தானே போனீர்கள்? ஆமாம் என்று சொன்னால் நம்புவேன். இல்லை என்றாலும் மனுப் போட்டுப் பார்க்க வருவேன், எத்தனை வருஷமானாலும் வருவேன். எது என்று தெரியாமல் இந்த வீட்டில் விளக்கணைத்துப் படுக்க என்னால் முடியவில்லை. அடுத்த தடவை ஜெயில் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கும்போது, சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் இதைச் சொல்லுங்கள்.

ஜக்கம்மா உங்களைக் கைவிடாமல் இருக்கட்டும். உடம்பு பத்திரம்.

உங்கள்
பொற்கொடி