விருத்தாசலத்தில் வண்டி நிற்கும் நேரம்

என்னங்க,

விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் போறேன். நம்ம பொண்ணு வளர்மதி அவ மாமியார் ஊருக்குப் போற வண்டி சாயங்காலம் அங்க நிக்கும். நம்ம நெய்வேலி ஸ்டேஷன் பக்கம் அது வராதே. நின்னதும் கிளம்பிடும், அதுக்குள்ள ஜன்னல் வழியா பொடி தடவின இட்லியைக் கொடுத்துட்டு அவ முகத்தைப் பார்க்கணும்.

ரசம் இருக்கு, சுட வச்சுக்குங்க. அப்பளம் பெரிய டப்பாவுல. சாவி உங்ககிட்டதான், நான் வர்றதுக்குள்ள தூங்கிடாதீங்க.

கூட வாங்கன்னு கூப்பிட்டதுக்கு நேத்து நீங்க என்னென்னமோ பேசிட்டீங்க. அவளா ஒருத்தனைப் பிடிச்சுக் கட்டிக்கிட்டா, சரி. அதுக்காக ஒவ்வொரு தடவையும் நான் மட்டுமா முட்டி வலியோட பிளாட்பாரத்துல பெட்டி தேடி ஓடுறது?

பால் காய்ச்சல. பிரிட்ஜ்ல இருக்கு.

இன்னொண்ணு. அப்பா எங்கேம்மான்னு கேட்பா. செகண்ட் ஷிஃப்ட்டுன்னு போன தடவை சொன்னதையே சொல்லிடறேன். அவளும் சரிம்மான்னுடுவா. ஆனா குவார்ட்டர்ஸ்ல பொறந்து வளர்ந்தவ, உங்க ஷிஃப்ட் அவளுக்குத் தெரியாதா? இன்னிக்கு உங்களுக்கு ஆஃப்னு பார்த்துத்தான் அவ டிக்கெட்டே எடுத்திருக்கா.